பெரியையா நடத்திய ஆஸ்பத்திரி

பெரியையாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு நாங்கள் அச்சிட்ட கல்வெட்டு எனப்படும் நினைவு நூலில் விநாயகர் துதி இருக்கிறது, தேவார திருவாசகங்கள் இருக்கின்றன, வம்சவரலாறு இருக்கிறது, மக்களும் மருமக்களும் பேரப்பிள்ளைகளும் புலம்புவதாக யாத்த வெண்பாக்களும் இருக்கின்றன. அவருடைய உத்தியோகத்தைப் பற்றி அதில் இரண்டே வரிகள்தான் உள்ளன: இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இலங்கைப் பாதுகாப்புப் படையின் மருத்துவப் பிரிவில் கடமையாற்றியவர், ஓய்வுபெற்ற வைத்தியசாலை நிர்வாகச் செயலாளர். வைத்தியர்களின் சேவையைப் போற்றி எழுதுவோர் எங்கள் ஊரில் பலர் உண்டு. ஆனால் ஒரு வைத்தியசாலையில் கட்டில் விரிப்பு யாருடைய கணக்கில் வருகிறது, குளிர்சாதனப் பெட்டிக்கு மண்ணெண்ணெய் எப்படிக் கிடைக்கிறது, பெயர் தெரியாமல் வந்து இறந்துபோனவரை யார் எழுதி வைக்கிறார்கள் என்பதையெல்லாம் எவரும் எழுதுவதில்லை. போர்க்காலத்தில் அந்த வேலை எத்தனை பேரைத் தாங்கியது என்பதை அவருக்குப் பக்கத்து மேசையில் இருந்து பார்த்தவள் நான் என்பதால், கல்வெட்டில் இல்லாததை இங்கே எழுதுகிறேன்.

அவர் 1922 இல் மானிப்பாயில் பிறந்தார். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் ஆங்கில மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, அதற்கு வேண்டிய நூல்களையும் தமிழில் ஆக்கிய ஊர் அது. அந்தப் பெருமையைப் பலரும் பேசுவார்கள். பெரியையா அதைப் பேச்சோடு விடவில்லை. பிற்காலத்தில் அவர் பொறுப்பில் இருந்த வைத்தியசாலையில் மருந்து உறை ஒவ்வொன்றிலும் எப்போது, எத்தனை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பவற்றைத் தமிழில் தெளிவாக எழுத வேண்டும் என்பது கண்டிப்பான விதியாக இருந்தது. எழுத வாசிக்கத் தெரியாத கிழவிகளுக்கு உறையில் சூரியனும் பிறையும் வரைந்து கொடுக்கச் சொன்னார்.

இருபது வயதில் அவர் படையில் சேர்ந்ததற்கு இராசபக்தி காரணமல்ல. வீட்டில் நான்கு தங்கைமார் இருந்தார்கள், தகப்பனார் காலமாகிவிட்டார், எழுத்து வேலை எதுவும் கிடைக்கவில்லை. மருத்துவப் பிரிவில் ஆள் எடுக்கிறார்கள் என்று அறிந்து போனவரைத் திருகோணமலையில் ஓர் இராணுவ வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். 1942 ஏப்பிரல் 5 ஆம் திகதி கொழும்பைத் தாக்கிய யப்பானிய விமானங்கள் 9 ஆம் திகதி காலை திருகோணமலையைத் தாக்கியபோது அவர் அங்கே இருந்தார். சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கியொன்றின் மீது யப்பானிய விமானம் ஒன்று விழுந்து நாட்கணக்காக எரிந்ததையும், அந்தக் கரும்புகையின் கீழ் காயக்காரரைச் சுமந்ததையும் எப்போதாவது சொல்வார். ஆனால் அவர் விரிவாகச் சொல்ல விரும்பியது குண்டுவீச்சைப் பற்றியல்ல. அங்கே தான் கற்ற எழுத்து வேலையைப் பற்றியே.

காயப்பட்ட ஒவ்வொருவரின் சட்டைப் பொத்தானிலும் ஓர் அட்டை கட்டப்பட வேண்டும். அதில் பெயர், இலக்கம், காயம், கொடுத்த மருந்து, கொடுத்த நேரம் ஆகியவை இருக்க வேண்டும். வலி தணிக்கும் மோபின் ஊசி போட்டிருந்தால் நெற்றியிலும் அடையாளம் இடுவார்கள். "நேரம் எழுதாட்டில் அடுத்த வாட்டிலை இருக்கிறவன் இன்னொரு ஊசி போட்டிடுவான், பிள்ளை. ஆள் நித்திரையிலையே மூச்சு நிண்டு போயிடுவான்" என்று அவர் விளக்கியிருக்கிறார். சிப்பாயின் கழுத்தில் இரண்டு தகடுகள் தொங்கும். எண்கோண வடிவிலான பச்சைத் தகடு உடலோடு போக வேண்டியது. வட்டமான சிவப்புத் தகட்டை அறுத்தெடுத்துப் பதிவுக்கு அனுப்ப வேண்டும். ஓர் உடலிலிருந்து சிவப்புத் தகட்டை முதன்முதலாக அறுத்தபோது தன் கை நடுங்கியதாகவும், அந்தத் தகட்டின் இலக்கத்தைப் பேரேட்டில் எழுதி முடித்த பின்னரே நடுக்கம் நின்றதாகவும் ஒருமுறை சொன்னார். அவருடைய பிற்கால வாழ்க்கை முழுவதையும் இந்த ஒரு செய்தியைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

1946 இல் படையிலிருந்து விடுவிக்கப்பட்டதும் அரசாங்க இலிகிதர் (எழுத்தர்) சேவைக்குள் நுழைந்து, தென்னிலங்கை ஆஸ்பத்திரிகள் சிலவற்றில் வேலை செய்தார். படையில் இருந்தபோதே சிங்களம் பழகியிருந்ததால் 1956 இன் தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பின்னரும் அவரால் நின்றுபிடிக்க முடிந்தது. அவருடன் சேர்ந்த பலரால் முடியவில்லை. 1958 கலவரத்தில் பெரியம்மாவையும் பிள்ளைகளையும் கொழும்பிலிருந்து காங்கேசன்துறைக்கு அகதிக் கப்பலில் ஏற்றிவிட்டுத் தான் மட்டும் கடமைக்குத் திரும்பினார். பின்னர் யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் கிடைத்து, பிரதம இலிகிதராகி 1982 இல் ஓய்வுபெற்றார். யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரி 1850 இல் அரசாங்க அதிபர் டைக்கின் முயற்சியால் தொடங்கப்பட்டு 1907 இல் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1978 இல் மருத்துவ பீடம் தொடங்கப்பட்டபோது போதனா வைத்தியசாலையானது. அந்த மாற்றத்தின் காகித வேலையில் அவருடைய தலைமுறை இலிகிதர்களின் உழைப்பு நிறைய இருக்கிறது.

1987 ஒக்டோபர் 21 ஆம் திகதி, தீபாவளி நாளன்று, இந்திய அமைதிகாக்கும் படையினர் அந்தப் பெரியாஸ்பத்திரிக்குள் நுழைந்தனர். அன்றும் மறுநாளும் ஊழியர்கள் 21 பேர் உட்பட அறுபதுக்கும் மேற்பட்டோர் அங்கே கொல்லப்பட்டனர். கைகளை உயர்த்திக்கொண்டு, தாங்கள் வைத்தியர்களும் தாதியர்களும் என்று சொல்லியபடி வெளியே வந்த குழந்தை வைத்திய நிபுணர் சிவபாதசுந்தரமும் அவர்களில் ஒருவர். இறந்த ஊழியர்களில் பலரைப் பெரியையாவுக்கு நேரில் தெரியும். அந்த வாரத்தைப் பற்றி அவர் எங்களிடம் எதுவும் பேசியதில்லை. ஆண்டுதோறும் அந்த நாளில் ஆஸ்பத்திரியில் நடக்கும் அஞ்சலிக்கு, நடக்க முடிந்த காலம் வரை வெள்ளை வேட்டியுடன் போய் வந்தார்.

ஓய்வுபெற்ற பின்னர் அவர் பொறுப்பேற்ற வைத்தியசாலை, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதியில் ஊரவர் பணத்தில் நடந்த மிகச் சிறிய ஒன்று. நாற்பது கட்டில்கள், இரண்டு வைத்தியர்கள், அதுவும் எப்போதும் அல்ல. 1990 இல் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மீண்டும் தொடங்கி, மின்சாரம் நின்று, பொருளாதாரத் தடையும் வந்தபோது அவருக்கு 68 வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறுக்குக் காத்திருந்த நான் பதிவேடு எழுத அங்கே போனது அந்தக் காலத்தில்தான்.

மண்ணெண்ணெயைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணம் முழுவதும் ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, சில துளி எண்ணெய் விட்டு, சிக்கன விளக்கில் படித்த காலம் அது. வைத்தியசாலையின் பின்புறத்தில் ஒரு பீப்பாய் இருந்தது. அதன் திறப்பு பெரியையாவின் இடுப்பில் இருந்தது. முதற்பங்கு தடுப்பூசி மருந்து வைத்த மண்ணெண்ணெய்க் குளிர்சாதனப் பெட்டிக்கு. அடுத்தது கருவிகளை அவிக்கும் அடுப்புக்கு. அதற்கும் பிறகுதான் பிரசவ அறை விளக்குக்கு, ஏனெனில் பிரசவத்துக்கு வீட்டுக்காரர் ஒரு விளக்காவது கொண்டுவருவார்கள் என்பது அவருடைய கணக்கு. குச்சியை விட்டு அளந்து, காலையும் மாலையும் அளவை எழுதி, கீழே கையெழுத்து வைப்பார். அவருடைய வீட்டில் பெரியம்மா இருட்டில் சோறு போட்டார். ஒரு போத்தல் எண்ணெய் கொண்டுவந்தால் என்ன என்று அவர் கேட்டதும் உண்டு. அந்தக் கேள்விக்குப் பெரியையா பதில் சொன்னதில்லை.

துணியும் அப்படித்தான். காயத்துக்குக் கட்டும் துணி தட்டுப்பாடானபோது வீடு வீடாகப் பழைய பருத்தி வேட்டியும் சேலையும் சேர்த்தார். கோயில் மடத்தில் பெண்கள் இருந்து அவற்றை ஒரே அகலத்தில் கிழித்துச் சுருட்டுவோம்; சவர்க்காரம் கிடைக்காத மாதங்களில் பெரிய கிடாரத்தில் கொதிக்கவைத்து உலர்த்திய துணிகள் அவை. சுருட்டியவை பிஸ்கட் ரின்னில் அடுக்கப்பட்டு நீராவியில் அவிக்கப்பட்டு, ரின்னின் மேல் திகதி எழுதிய பிறகே வாட்டுக்குப் போகும். இந்தக் கணக்குப் பார்ப்பில் அவர் சில வேளைகளில் கடுமையாகவும் நடந்தார். ஆளில்லாத ஒரு பிணத்தை வெறுந்தரையில் கிடத்த மனம் வராமல் ஆஸ்பத்திரி விரிப்பில் சுற்றி அனுப்பிய அற்றெண்டன் ஒருவரின் சம்பளத்தில் அந்த விரிப்புக்குக் காசு பிடித்தார். அந்த மனிதர் கண் கலங்கி நின்றதை நான் பார்த்தேன். விரிப்பு குறைந்தால் அடுத்த நோயாளி தரையில் கிடப்பான் என்ற அவருடைய நியாயம் எனக்கு விளங்குகிறது. ஆனாலும் அன்று அவர் செய்தது சரியென்று என்னால் இன்றும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

படையில் இருந்தவர் என்பதாலேயே துப்பாக்கி வைத்தியசாலைக்குள் வரக்கூடாது என்பதில் அவர் எவரையும்விட உறுதியாக இருந்தார். 1990 இன் பிற்பகுதியில் சர்வதேச செஞ்சிலுவைக் குழு, இரு தரப்பின் இணக்கத்துடன் பெரியாஸ்பத்திரியைச் சுற்றிப் பாதுகாப்பு வலயம் ஏற்படுத்தியது. எங்கள் சிறிய வைத்தியசாலைக்கு அப்படி ஒரு வலயம் கிடையாது. கூரை ஓட்டின் மேல் தீட்டிய சிவப்புச் சிலுவை மட்டுமே இருந்தது. ஒரு மாலை நேரம் காயப்பட்ட தோழனைத் தூக்கிக்கொண்டு ஆயுதங்களோடு மூன்று இளைஞர்கள் படலையடிக்கு வந்தார்கள். பெரியையா கையில் இருந்த பேனையை என்னிடம் தந்துவிட்டு எழுந்து போனார்.

"தம்பிமார், பொடியனை உள்ளை கொண்டு வாருங்கோ. உதுகளை வெளியிலை வைச்சிட்டு வாருங்கோ."

ஒருவன் குரலை உயர்த்தி அவரை விலகச் சொன்னான். அவர் விலகவில்லை, காயப்பட்டவனின் தலைப்பக்கத்தைத் தானே கையில் ஏந்திக்கொண்டார். "கூரையிலை சிலுவை போட்டிருக்கிறம். உது உள்ளை வந்தால் அந்தச் சிலுவைக்கு மதிப்பில்லை. உள்ளை நாப்பது சனம் படுத்திருக்கு, உங்கடை பொடியனும் இனி அதிலை ஒருத்தன்." ஒருவன் மட்டும் துவக்குகளோடு வேப்பமரத்தடியில் நிற்க, மற்ற இருவரும் வெறுங்கையோடு உள்ளே வந்தார்கள். 1996 க்குப் பிறகு சோதனைக்கு வந்த இராணுவத்தினரிடமும் அதே வேண்டுகோளைச் சிங்களத்தில் விடுத்தார். சிலர் கேட்டார்கள். கேளாமல் உள்ளே போன ஒரு நாளில், வந்த நேரம், ஆட்களின் எண்ணிக்கை, ஆயுதங்களின் எண்ணிக்கை ஆகியவற்றை நாட்குறிப்பில் எழுதி, அதிகாரிக்கு வாசித்துக் காட்டிக் கையெழுத்துக் கேட்டார். அதிகாரி கையெழுத்திடவில்லை; தன் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பெரியையா அதையும் எழுதிக்கொண்டார்.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு, இராணுவம் முன்னேறி வர, வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, செம்மணி வெளியிலும் நாவற்குழிப் பாலத்திலும் மழைக்குள் அடிமேல் அடி வைத்து நகர்ந்த அந்தக் கூட்டத்தில் நாங்களும் இருந்தோம். வைத்தியசாலையில் இருந்து மூன்று பதிவேடுகளைத்தான் அவர் எடுத்துவரச் சொன்னார்: பிறப்பு, இறப்பு, சயரோக (காசநோய்) மருந்து. முதல் இரண்டும் எனக்கு விளங்கின. மூன்றாவது ஏன் என்று கேட்டேன். சயரோகத்துக்கு ஆறு மாதத்துக்குக் குறையாமல் இடைவிடாது மருந்து எடுக்க வேண்டும். நடுவில் விட்டால் நோய் திரும்பும், கிருமிக்கு மருந்தும் பிடிக்காமல் போகும், பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் தொற்றும் என்றார். இலட்சக்கணக்கான சனம் பள்ளிக்கூடங்களிலும் மரங்களின் கீழும் நெருங்கிப் படுக்கப் போகிறது என்பதை, நாங்கள் எங்கே படுப்போம் என்று கூடத் தெரியாத நேரத்தில் அவர் எண்ணியிருந்தார். பொலித்தீனில் சுற்றி மா மூட்டைச் சாக்கில் கட்டிய அந்தப் பதிவேடுகளைச் சைக்கிள் கரியரில் வைத்து நான் உருட்டினேன்.

சாவகச்சேரியில் போய் இருந்ததும் அகதிகள் தங்கிய இடங்களுக்கு அந்தக் கொப்பியோடு நடந்தார். யாருக்கு எத்தனை வாரம் பாக்கி, எந்த மாத்திரை, எத்தனை என்று துண்டுத் துண்டாக எழுதிக் கொடுத்து, மருந்து கிடைக்கும் இடத்துக்கு அனுப்பினார். எல்லோரையும் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டவர்களின் பெயருக்கு நேரே சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்தார். வன்னிக்குப் போய்விட்டார்கள் என்று அறிந்தவர்களுக்கு அதையும் குறித்தார். மறு ஆண்டு ஏப்பிரலில் சனம் வலிகாமத்துக்குத் திரும்பத் தொடங்கியபோது பதிவேடுகளும் திரும்பின.

பெயர் தெரியாதவர்களைப் பற்றிய பதிவுதான் அவருடைய வேலைகளில் நான் மிக உயர்வாக மதிப்பது. செல் (எறிகணை) விழுந்த இடத்திலிருந்து அள்ளிக்கொண்டு வரப்பட்டவர்களில் சிலருக்கு நினைவு இருக்காது, கூட வந்தவர் எவரும் இருக்கமாட்டார். அத்தகையவருக்கு "இனந்தெரியாத ஆண்" என்று எழுதிவிட்டு விடுவதை அவர் அனுமதிக்கவில்லை. உடுப்பின் நிறம், தழும்பு, பல், மச்சம், கையில் கட்டிய நூல், சட்டைப்பையில் இருந்த பொருள் என எல்லாவற்றையும் எழுத வேண்டும். வழக்கமான நிரல்களுக்குப் பக்கத்தில், அடிமட்டம் வைத்து ஒரு நிரலைத் தானே கோடிட்டுச் சேர்த்திருந்தார். அதன் தலைப்பு: அருகில் இருந்தவர்.

2002 இல் யாழ்ப்பாணத்தை வன்னியோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்த பின்னர், வன்னியிலிருந்து ஒரு தாய் அவரைத் தேடி வந்தார். 1993 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த மகன் திரும்பவில்லை. எங்கள் பக்கத்தில் செல்லடியில் சிக்கியதாக யாரோ சொல்லக் கேட்டிருந்தார். பெரியையா அப்போது நிர்வாகப் பொறுப்பிலிருந்தும் விலகியிருந்தார். பதிவேடுகள் மட்டும், ஈரம் பிடிக்காத இடம் என்பதால், அவர் வீட்டு அலுமாரியில் இருந்தன. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் பார்த்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. நீலக் கட்டம் போட்ட சாரம், வலப் புருவத்தில் பழைய தழும்பு, இடக்கைச் சுண்டுவிரல் உட்பக்கம் வளைந்தது, வயது இருபது மதிக்கலாம், முற்பகல் 11.40 க்குக் கொண்டுவரப்பட்டார்; பிற்பகல் 1.15 க்கு உயிர் பிரிந்தது.

சுண்டுவிரல் என்றதும் அந்த அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். சின்ன வயதில் துலாவில் ஏறி விழுந்து முறிந்த விரல் அது. நெடுநேரம் அழுத பிறகு அவர் கேட்டது ஒன்றுதான். "ஐயா, பிள்ளைக்குப் பக்கத்திலை ஆரும் இருந்தவையோ?"

"இருந்தவை, தங்கச்சி. ஒரு தாதிப்பிள்ளை கடைசி வரைக்கும் இருந்தவ. பேர் இதிலை இருக்கு."

அந்தத் தாதியின் பெயரை அவர் வாசித்தார். பிறகு பதிவின் பிரதியைத் தன் கையால் எழுதி, வைத்தியசாலையில் முத்திரை வைப்பித்து, மரண விசாரணை அதிகாரியிடமும் பதிவாளரிடமும் அந்த அம்மாவை அழைத்துச் சென்றார். மாதங்கள் கழித்து மரண அத்தாட்சிப் பத்திரம் கிடைத்தது. எண்பது வயதில் அதற்காக அவர் பேருந்தில் அலைந்ததை அப்பா கண்டித்தபோது, நிரல் போட்டது தான்தானே என்று மட்டும் சொன்னார்.

அவருடைய பதக்கங்கள் இரண்டு. 1939–45 யுத்தப் பதக்கமும், பாதுகாப்புப் பதக்கமும். படைக்குச் சேவகம் செய்தவர் என்பது எந்தத் தரப்பின் கண்ணிலும் ஆபத்தான செய்தியாகிவிட்ட காலத்தில், பெரியம்மா அவற்றைப் பால்மா ரின்னில் போட்டு முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டார். போர் முடிந்த பின் தோண்டியெடுத்தோம். ரின் துருப்பிடித்து உதிர்ந்தது, பதக்கங்கள் கறுத்திருந்தன. அதன் பிறகு அவரைத் திருகோணமலைக்கு அழைத்துச் சென்றேன். நிலாவெளி வீதியில் இருக்கும் உலகப்போர்க் கல்லறைத் தோட்டத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட கல்லறைகள் இருக்கின்றன. வெயிலில் குடையைப் பிடித்தபடி வரிசை வரிசையாக நடந்து, ஒவ்வொரு கல்லிலும் இருந்த பெயரையும் படைப்பிரிவையும் வயதையும் வாய்விட்டு வாசித்தார். நான் களைத்து உட்கார்ந்துவிட்டேன். அவர் கடைசி வரிசை வரை வாசித்தார். திரும்பும் வழியில், எங்கள் பக்கத்தில் செல்லடியில் செத்த சனத்தின் பெயர்களை இப்படி ஒரே இடத்தில் யார் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டார். எனக்குப் பதில் இருக்கவில்லை.

2014 இல், 92 வயதில், பெரியாஸ்பத்திரியின் வாட் ஒன்றிலேயே அவர் காலமானார். பக்கத்தில் நாங்கள் இருந்தோம். செத்தவீட்டுக்கு வந்தவர்களில் அந்த அற்றெண்டனும் இருந்தார். பாடை கட்டுவதில் கடைசி வரை நின்று உதவினார்.

பதிவேடுகள் இப்போது என் பொறுப்பில் இருக்கின்றன. வைத்தியசாலையின் இன்றைய நிர்வாகத்தினர் அறிந்தே அவை என்னிடம் உள்ளன. நோயாளர் விவரங்களை வெளியிட முடியாது. ஆனால் 1990 முதல் 1995 வரையிலான தொகுதிகளில் பெயர் தெரியாதவர்களாகப் பதியப்பட்டவர்களின் அடையாளங்களை மட்டும் தனியே படியெடுத்து வருகிறோம். அங்கே தாதியாக இருந்து ஓய்வுபெற்ற ஓர் அக்கா என்னோடு அமர்ந்து, மங்கிப்போன எழுத்துகளை வாசித்துத் தருகிறார். சில பதிவுகளில் அருகில் இருந்தவராக இருப்பது அவருடைய பெயரே. ஒரு தொகுதியின் கடைசிப் பக்கங்களைக் கறையான் அரித்துவிட்டது. மற்றவை வாசிக்கக்கூடிய நிலையில் உள்ளன. 1993 ஆம் ஆண்டுத் தொகுதியை முடித்துவிட்டோம். வலிகாமப் பக்கத்தில் அந்த ஆண்டுகளில் காணாமற்போன ஒருவரை இன்னும் தேடிக்கொண்டிருக்கும் குடும்பம் எதையாவது நீங்கள் அறிந்திருந்தால், தழும்பு, பல், விரல் என்று நினைவில் இருப்பதை எழுதி எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். ஒவ்வொரு வரியாகப் பார்த்துச் சொல்கிறோம்.